விளக்குமாற்றுத் துறவி மார்ட்டின் தெ போரஸ்: 323 ஆண்டுகள் காத்திருந்த புனிதர்

பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் சான் செபாஸ்தியான் என்று ஒரு பங்கு ஆலயம். அதன் திருமுழுக்குப் பதிவேட்டில் 1579 டிசம்பர் 9 என்று தேதியிட்ட ஒரு சின்னப் பதிவு உண்டு. குழந்தையின் பெயர் மார்ட்டின். தாய் ஆனா வெலாஸ்கெஸ், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். தந்தை, தெரியாதவர். உண்மையில் தந்தை தெரியாதவர் அல்ல. ஸ்பெயினின் புர்கோஸ் நகரத்துப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ஹுவான் தெ போரஸ்தான் அவர். ஆனாவோ பனாமாவிலிருந்து வந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. பிள்ளை தாயின் நிறத்தில் பிறந்தது, பிரபுவின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

அந்தக் குழந்தைதான் இன்று கத்தோலிக்கர்கள் வணங்கும் புனித மார்ட்டின் தெ போரஸ். படங்களில் பார்த்திருப்பீர்கள்: கறுப்பு வெள்ளை அங்கி, கையில் விளக்குமாறு, காலடியில் ஒரே தட்டில் சாப்பிடும் நாய், பூனை, எலி. யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாத சாது என்றுதான் அந்தப் படம் சொல்கிறது. தாழ்ச்சியைப் பற்றி மறையுரை வந்தால் பெரும்பாலும் அவர் பெயரும் வந்துவிடும். படம் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. அவர் வாழ்ந்த நகரத்தின் சட்டத்தையும், அவர் சேர்ந்த மடத்தின் படிநிலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், இந்த மனிதர் எவ்வளவு பிடிவாதக்காரர், எவ்வளவு கெட்டிக்கார நிர்வாகி என்பது தெரியவரும்.

முதலில் நகரம். லீமாவை 1535-இல் பிரான்சிஸ்கோ பிசாரோ நிறுவினார். பத்தே ஆண்டுகளில், 1545-இல், இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு தென் அமெரிக்காவின் ஸ்பானியப் பகுதிகளை ஆண்ட வைசிராய்க்கு லீமாதான் இருப்பிடம். வெள்ளிப் பணம் புரண்டது, ஆலயங்களும் மடங்களும் மாளிகைகளும் எழுந்தன. இவற்றையெல்லாம் கட்டியதும் பராமரித்ததும் அடிமைக் கைகள். 1614-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி நகரத்தில் சுமார் 25 ஆயிரம் பேர். அதில் ஆப்பிரிக்கர்கள் மட்டும் 10 ஆயிரத்துக்கு மேல். அந்த மண்ணின் பழங்குடியினர் 2 ஆயிரம்கூட இல்லை. ஸ்பானியர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஊர் அது. அவர்களில் பெரும்பாலோர் இன்னொருவரின் உடைமை.

ஸ்பானியச் சட்டத்தில் பிள்ளையின் நிலையைத் தீர்மானிப்பது தாயின் நிலை. அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தால் அடிமை. ஆனா விடுதலை பெற்றிருந்தார், அதனால் மார்ட்டினும் இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த தங்கை ஹுவானாவும் சுதந்திரர்கள். ஆனால் சுதந்திரம் ஒன்று, சமத்துவம் வேறு. வெள்ளைத் தந்தைக்கும் கறுப்புத் தாய்க்கும் பிறந்தவர்களை முலாட்டோ என்று வகைப்படுத்தி, அவர்களுக்கென்று தனி வரி, ஆயுதம் வைத்திருக்கத் தடை, அரசுப் பதவிக்குத் தடை என்று அடுக்கியிருந்தார்கள். பிறப்பை வைத்து ஆளுக்கொரு படி ஒதுக்கும் ஏற்பாடு எப்படி இயங்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

தந்தை முழுவதும் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் ஹுவான் தெ போரஸ் இரண்டு குழந்தைகளையும் குவாயகில் நகருக்கு அழைத்துப்போய்த் தம் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொண்டார், படிக்கவும் வைத்தார். பிறகு அவருக்குப் பனாமாவில் பதவி கிடைக்க, மார்ட்டின் லீமாவுக்கே, தாயிடமே திரும்பிவந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் ஒரு நாவிதரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார்.

இந்தத் தொழிலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மார்ட்டினின் மீதி வாழ்க்கை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அந்தக் காலத்து ஸ்பானிய உலகில் நாவிதர் முடிவெட்டுபவர் மட்டும் அல்ல. பல் பிடுங்குவது, கட்டியைக் கீறுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, எலும்பைப் பொருத்துவது, ரத்தம் இறக்குவது எல்லாம் அவர் வேலை. (நாவிதரே ஊர் வைத்தியராகவும் இருந்த நம் பழைய வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவர் பணக்கார வீட்டுக் கட்டிலோரம் நின்று லத்தீனில் பேசுவார். ஏழைக்குக் கிடைத்தவர் நாவிதர்தான். இதோடு மூலிகை அறிவும் மார்ட்டினிடம் சேர்ந்தது. ஐரோப்பிய வைத்தியமும் ஆண்டஸ் மலை மூலிகைகளும் ஆப்பிரிக்கப் பெண்களின் கைவைத்தியமும் கலந்து கிடந்த நகரத்தில், கற்றுக்கொள்ள விருப்பம் உள்ள பையனுக்குப் பள்ளிக்கூடம் தெருவெங்கும் இருந்தது. நல்ல வருமானம் தரும் கைத்தொழில் இது. முலாட்டோ ஒருவர் மரியாதையோடு பிழைக்க அங்கே இருந்த சில வழிகளில் ஒன்று.

அதை விட்டுவிட்டு 1594-இல், பதினைந்து வயதில், தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் செபமாலை அன்னை மடத்துக்குப் போனார். சாந்தோ தொமிங்கோ என்று லீமாவாசிகள் சொல்லும் மடம் அது. அங்கே அவருக்குக் கிடைத்த இடம் ‘தொனாதோ’.

மடத்துக்குள் மூன்று அடுக்குகள். மேலே குருக்கள். படித்தவர்கள், பலிபீடமும் பிரசங்க மேடையும் அவர்களுக்கு. அடுத்து குருத்துவம் பெறாத சகோதரர்கள். வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்த துறவிகள்தான், ஆனால் உடலுழைப்பு அவர்கள் பங்கு. இந்த இரண்டுக்கும் கீழே தொனாதோ. வார்த்தைப்பாடு கிடையாது, சபையின் முழு உறுப்பினர் அல்ல. மடத்தில் தங்கிக்கொள்ளலாம், அங்கி அணியலாம், சாப்பாடு உண்டு, பதிலுக்கு வேலை செய்ய வேண்டும். வேலையாள் என்றும் சொல்ல முடியாது, துறவி என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்க, பழங்குடி ரத்தம் கலந்தவர்கள் அந்தப் படிக்கு மேலே ஏறக்கூடாது என்பதே பெருவில் விதி. 1567-68-இல் கூடிய லீமாவின் இரண்டாம் திருச்சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் பழங்குடியினருக்குக் குருத்துவம் தருவதையே தடுத்திருந்தது. பீடத்துக்கு முன்னால் எல்லாரும் கடவுளின் பிள்ளைகள், பீடத்துக்குப் பின்னால் போக வேண்டுமானால் வம்சாவளி கேட்பார்கள்.

தம் மகன் தொனாதோவாக இருப்பது தந்தைக்குக் கௌரவக் குறைவாகப் பட்டதாம். குறைந்தபட்சம் சகோதரர் நிலையாவது கொடுங்கள் என்று அவர் கேட்டதாகவும், மார்ட்டினே அதை மறுத்துவிட்டதாகவும் வரலாற்றில் சொல்லப்படுகிறது. இதைத் தாழ்ச்சி என்று மட்டும் படிப்பது வழக்கம். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. பதிவேட்டில் பெயர் தராத தந்தையின் செல்வாக்கில் கிடைக்கும் ஒரு படி உயர்வு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1603-இல், அவருடைய வாழ்க்கையைப் பார்த்த மடத்தின் தலைவர்களே விதியைத் தளர்த்தி வார்த்தைப்பாடு கொடுக்க வைத்தார்கள். குருத்துவம் மட்டும் கடைசிவரை இல்லை.

சரி, மடத்தில் அவர் என்ன செய்தார்? பெருக்கினார். அதனால்தான் விளக்குமாறு. மணி அடித்தார், துணி துவைத்தார், நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த மடத்தில் எல்லோருக்கும் முடிவெட்டினார். ஆனால் அவருடைய முக்கியப் பொறுப்புகள் இரண்டு: நோயாளிகள் கூடமும், ஏழைகளுக்கான தர்மமும். படத்தில் விளக்குமாறு பெரிதாகத் தெரிவதால் இந்த இரண்டும் மறைந்துபோகின்றன. பெரிய மடமொன்றின் மருத்துவப் பிரிவை நடத்துவதும், நகரத்து ஏழைகளுக்குப் போகும் பணத்தையும் சாப்பாட்டையும் நிர்வகிப்பதும் சாதாரணச் சகோதரர் வேலை அல்ல. அவருடைய திறமை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அவருடைய பிறப்பு, அந்தப் பொறுப்புக்குரிய பட்டத்தைத் தரவிடாமல் தடுத்தது.

ஹுவான் வாஸ்கெஸ் என்ற ஒருவரின் சாட்சியம் இங்கே முக்கியம். ஸ்பெயினிலிருந்து வந்து, லீமாவில் போக்கிடமில்லாமல் திரிந்த ஏழைச் சிறுவன் அவன். மார்ட்டின் அவனைக் கூட்டிவந்து சாப்பாடு போட்டு, துணி கொடுத்து, நாவிதத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். தர்மப் பணிக்கு உதவியாளாகவும் வைத்துக்கொண்டார். காலனிய நகரத்தின் கணக்கெல்லாம் இந்த இடத்தில் தலைகீழாகிறது: வெள்ளை நிற ஸ்பானியப் பையன் கறுப்பு நிற முலாட்டோவிடம் தொழில் பழகிப் பிழைக்கிறான். மார்ட்டினுடைய அன்றாட வாழ்வு குறித்து நமக்குக் கிடைத்திருக்கும் நெருக்கமான விவரங்களில் பல வாஸ்கெஸ் பின்னாளில் சொன்னவைதான்.

தர்மத்தை மார்ட்டின் நடத்திய விதம் தனியாகப் பேசத்தக்கது. மடத்துச் சாப்பாட்டில் மிஞ்சியதை வாசலில் நின்று கொடுப்பது எங்கும் இருந்த வழக்கம். இவர் அதோடு நிற்கவில்லை. நாளொன்றுக்கு 160 பேர் வரை சாப்பாடு பெற்றதாகக் குறிப்புகள் சொல்கின்றன. வைசிராய் முதல் வணிகர்கள் வரை வசதி உள்ளவர்களிடம் நேரே போய்க் கேட்டு வாங்கினார். வந்த காசைக் கிழமைவாரியாகப் பிரித்து, எந்த நாள் வசூல் எந்த வகை ஏழைகளுக்கு என்று ஒதுக்கினார். வரதட்சணை இல்லாமல் திருமணம் நின்றுபோன பெண்களுக்குப் பணம் திரட்டினார். பசி இருந்தும் வாசலில் வந்து கையேந்தக் கூசும் குடும்பங்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கான சாந்தா குரூஸ் இல்லமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. அதற்குப் பணம் போட்டவர்கள் நகரத்து வசதிக்காரர்கள், போட வைத்தவர் இவர். நகரத்துக்கு வெளியே லிமத்தம்போ என்ற இடத்தில் மடத்துக்குச் சொந்தமான பண்ணை இருந்தது. அங்கே போகும்போதெல்லாம் மூலிகையும் மரங்களும் நட்டு வந்தார். வேலியோரம் நிற்பதை ஏழைகள் திருடாமல் பறித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

நோயாளிகள் விஷயத்தில்தான் அவர் மடத்தின் விதியோடு மோதினார். அன்றைய லீமாவின் மருத்துவமனைகளும் இனம் பார்த்துப் பிரிந்திருந்தன. சான் ஆந்த்ரேஸ் ஸ்பானியர்களுக்கு. பேராயர் ஹெரோனிமோ தெ லோய்சா 1549-இல் தொடங்கிய சாந்தா ஆனா பழங்குடியினருக்கு. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென்று சான் பர்த்தொலொமே மருத்துவமனை வந்தது 1646-இல், அதாவது மார்ட்டின் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. மக்கள்தொகையில் பத்தில் நான்கு பேராக இருந்தவர்களுக்குத் தங்களுடையது என்று சொல்ல ஒரு கட்டில் இல்லாத நகரம். உழைக்கத் திராணி இல்லாத அடிமையை எஜமானர் வீதியில் விட்டுவிட்டால், அவருக்குப் போக்கிடம் எது?

மார்ட்டின் அப்படிப்பட்டவர்களைத் தம் அறைக்கே கொண்டுவந்தார். தம் படுக்கையில் கிடத்தினார். மடத்தில் தொற்று பரவும் என்று தலைவர் தடுத்தபோது, நகரத்திலிருந்த தங்கை ஹுவானாவின் வீட்டை நோயாளிகள் விடுதி ஆக்கினார். தெருநாய்களும் அங்கே போய்ச் சேர்ந்தன, பாவம் ஹுவானா. ஒருநாள் கத்திக்குத்துப் பட்டு ரத்தம் கொட்டக் கிடந்த ஒரு பழங்குடி மனிதரை, தடை இருப்பது தெரிந்தே, மடத்துக்குள் தூக்கிவந்தார். தலைவர் கண்டித்தார். மார்ட்டின் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்பின் கட்டளையைவிடக் கீழ்ப்படிதலின் கட்டளை பெரியது என்று தமக்குத் தெரியாமல்போயிற்று, தயவுசெய்து கற்றுக்கொடுங்கள் என்று பணிவோடு சொன்னதாகக் கதை.

இந்தப் பதிலைத் தாழ்ச்சிக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மன்னிப்பும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. பிறரன்பே பெரிய கட்டளை என்று கிறிஸ்து சொன்னதைத் தலைவரால் மறுக்க முடியுமா? அவர் மறுக்கவில்லை. அதன் பிறகு இரக்கப் பணியில் மார்ட்டினுக்குத் தடை போடவில்லை என்கிறார்கள். கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு கொடுத்த மனிதர், அந்தக் கீழ்ப்படிதலின் மொழியிலேயே பேசித் தமக்கு வேண்டியதைச் சாதித்துக்கொண்டார். வலிமை இல்லாதவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதுதான்.

இதைவிடக் கடினமான கதை ஒன்று உண்டு. மடம் கடனில் சிக்கியது. தலைவர் மடத்தின் விலையுயர்ந்த பொருள்களை விற்கப் புறப்பட்டார். மார்ட்டின் பின்னாலேயே ஓடிப்போய், நான் ஓர் ஏழை முலாட்டோ, என்னை விற்றுவிடுங்கள், நான் சபையின் சொத்துதானே என்றாராம். தலைவர் நெகிழ்ந்துபோய்த் திருப்பி அனுப்பினாராம். இந்தக் கதையை நெகிழ்ந்து நெகிழ்ந்து எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மார்ட்டின் அடிமை அல்ல. சட்டப்படி அவரை யாரும் விற்க முடியாது. அவரைப் போன்ற தோலுடைய ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் விலைபோன நகரத்தில், அடிமைகளின் உழைப்பில் தாங்களும் வாழ்ந்த துறவிகளின் முன்னால் ஒரு சுதந்திர மனிதர் என்னை விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார். அவர் மனதில் தியாகம் மட்டும்தான் இருந்ததா, குத்தலும் இருந்ததா என்பதை இன்று பிரித்தெடுக்க வழியில்லை. தலைவரால் பதில் சொல்ல முடியாமல்போனதில் இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவமானங்களும் குறைவில்லை. நோயுற்றுக் கிடந்த துறவியே தமக்குப் பணிவிடை செய்ய வந்தவரை முலாட்டோ நாயே என்று திட்டியது வரை பதிவாகியிருக்கிறது. மார்ட்டின் திருப்பிப் பேசவில்லை, பணிவிடையை நிறுத்தவும் இல்லை. இதில் எனக்குச் சங்கடம் உண்டு. ஒடுக்கப்பட்டவர் பொறுத்துப்போவதைப் புனிதம் என்று போற்றுவது ஒடுக்குபவருக்கு வசதியான பக்தி. காலனியக் காலத்தில் இந்தக் கதைகள் அடிமைகளுக்குச் சொல்லப்பட்டபோது, நீயும் இப்படியே இரு என்ற செய்தி அதில் இல்லாமல் இருந்திருக்காது.

ஆகவே, இவற்றைச் சொன்னவர்கள் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மார்ட்டின் எழுதிவைத்த நூல் எதுவும் இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் 1660-இல் லீமா பேராயர் பெத்ரோ தெ வில்யாகோமெஸ், புனிதர் பட்டத்துக்காகத் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் சொன்னது. மார்ட்டின் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாட்சிகளில் பெரும்பாலோர் துறவிகளும் நகரத்துப் பெரியவர்களும். கேள்விகளும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை: தாழ்ச்சி எப்படி, கீழ்ப்படிதல் எப்படி, தவம் எப்படி, அற்புதம் உண்டா. கேட்டதற்குத்தான் பதில் வரும். அவரிடம் மருந்து வாங்கிய அடிமைப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து கேட்டிருந்தால், தாழ்ச்சி என்ற சொல் முதலில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அற்புதங்களைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தெரிந்தார், பூட்டிய கதவுக்குள் நுழைந்தார், செபத்தில் தரையிலிருந்து உயர்ந்தார் என்றெல்லாம் சாட்சியங்கள் உண்டு. மடத்தில் கொள்ளைநோய் பரவி 60 துறவிகள் ஒரே சமயத்தில் படுத்தபோது, இரவில் தாகம் என்று முனகியவரின் பக்கத்தில் தண்ணீரோடு அவர் நின்றார், கதவோ பூட்டியிருந்தது என்கிறார்கள். நம்புகிறவர் நம்பட்டும். நம்பாதவரும் ஒன்றை மறுக்க முடியாது: நோயாளி எழுப்பும் முன்பே வந்து நிற்கும் செவிலியர் என்று ஒரு மனிதரைப் பற்றி ஒரு மடமே நினைத்தது.

எலிக் கதை மட்டும் தனி. நோயாளிகளின் துணிகளை எலிகள் கடித்துக் குதற, துறவிகள் விஷம் வைக்கத் தயாரானார்கள். மார்ட்டின் ஓர் எலியைப் பிடித்து, உன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடு, உங்களுக்கு நான் அங்கே சாப்பாடு போடுகிறேன் என்று பேச, எலிகள் வரிசையாக வெளியேறினவாம். சொன்னபடியே தினமும் சாப்பாடும் போனதாம். நாய், பூனை, எலி ஒரே தட்டில் சாப்பிடும் படம் இப்படிப்பட்ட கதைகளிலிருந்து வந்தது. ஸ்பானியர், பழங்குடியினர், ஆப்பிரிக்கர் என்று மூன்று கூட்டம் ஒரே ஊரில் ஒன்றையொன்று அஞ்சியும் வெறுத்தும் வாழ்ந்ததை மனதில் வைத்துப் பார்த்தால், பெரு மக்கள் இந்தப் படத்தை ஏன் இவ்வளவு விரும்பினார்கள் என்பது புரியும்.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார்: ஹுவான் மசியாஸ். ஸ்பெயினில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, ஆடு மேய்த்துப் பிழைத்தவர். லீமாவின் இன்னொரு தொமினிக்கன் மடமான மதலேனாவில் வாயில்காப்பாளர். அவருடைய கழுதை தனியாகவே நகரத்தைச் சுற்றி, பழகிய வீடுகளின் முன்னால் நின்று, தர்மத்தைச் சுமந்துகொண்டு திரும்பும் என்பார்கள். இரு துறவிகளும் வேலையும் செபமும் பகிர்ந்துகொண்டவர்கள். வெள்ளையர் என்பதால் மசியாஸ் நேரடியாகச் சகோதரர் நிலைக்கு வந்துவிட்டார். இந்த நண்பரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

1639 நவம்பர் 3 அன்று, காய்ச்சலில் படுத்திருந்த மார்ட்டின் இறந்தார். அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருந்தது. வைசிராயான சின்சோன் பிரபு நேரில் வந்து பார்த்திருந்தார். இறந்த செய்தி கேட்டு நகரமே மடத்துக்குத் திரண்டது. நினைவுப்பொருளுக்காக மக்கள் அங்கியைக் கத்தரித்து எடுக்க எடுக்க, உடலுக்குத் திரும்பத் திரும்ப அங்கி மாற்ற வேண்டியிருந்ததாம். உயிரோடு இருந்தபோது மேலே ஏற முடியாத படிகளின் உச்சியில் இருந்தவர்கள் அவர் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள்.

ஊர் அன்றே அவரைப் புனிதராக்கிவிட்டது. ரோமுக்கு 323 ஆண்டுகள் பிடித்தது. ஏன்?

நிறம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். கணக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஒரே காலகட்டத்தில் லீமாவில் வாழ்ந்த ஐந்து பேர் பின்னர் புனிதர்கள் ஆனார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் லீமா ரோஸ் என்று அழைக்கும் ரோசா 1617-இல் இறந்தார், 1671-இல் புனிதர், 54 ஆண்டுகள். மார்ட்டினுக்கு உறுதிப்பூசுதல் கொடுத்ததாகச் சொல்லப்படும் பேராயர் தொரீபியோ தெ மொக்ரவேஹோ 1606-இல் இறந்தார், பிரான்சிஸ்கன் குருவான பிரான்சிஸ்கோ சொலானோ 1610-இல். இருவருக்கும் 1726-இல் பட்டம் கிடைத்தது. ஏறக்குறைய 120 ஆண்டுகள். மார்ட்டினுக்கு 323. ஹுவான் மசியாஸோ 1645-இல் இறந்து 1975-இல்தான் புனிதரானார், 330 ஆண்டுகள். அவர் வெள்ளையர்.

எனவே நிறத்தோடு இன்னொன்றும் வேலை செய்திருக்கிறது: மடத்தின் படிநிலை. புனிதர் பட்ட விசாரணை என்பது நீண்ட, செலவு பிடித்த காரியம். சாட்சியங்கள் எடுக்க வேண்டும், படியெடுக்க வேண்டும், கப்பலில் அனுப்ப வேண்டும், ரோமில் அலுவலர்கள் பின்னாலேயே நடக்க ஆள் வேண்டும். திருத்தந்தை 8-ஆம் அர்பன் 1634-இல் கொண்டுவந்த விதிகள், ரோமின் அனுமதி இல்லாமல் யாரையும் பொதுவில் புனிதராக வணங்குவதைத் தடுத்து, நடைமுறையை இன்னும் கடுமையாக்கின. ரோசாவுக்காக நகரமும் சபையும் ஸ்பானிய அரசும் சேர்ந்து நின்றன. புதிய உலகத்தில் பிறந்த முதல் புனிதர் என்ற பெருமை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. பேராயருக்கும் குருவுக்கும் பின்னால் நிறுவனம் இருந்தது. வாசல் காத்தவருக்கும் தரை பெருக்கியவருக்கும் அந்த அவசரம் யாருக்கு இருக்கும்? அவர்களை நேசித்தவர்கள் ஏழைகள். ஏழைகளால் ரோமுக்கு வழக்கறிஞர் வைக்க முடியாது. நிறமும் படிநிலையும் மார்ட்டின் காலத்தில் தனித்தனி விஷயங்களும் அல்ல. மசியாஸ் வாயில்காப்பாளராக இருந்தது அவர் பிறப்பின் கட்டாயத்தால் அல்ல. மார்ட்டினுக்கு நிறமே படியைத் தீர்மானித்தது.

1763-இல் திருத்தந்தை 13-ஆம் கிளமெண்ட் அவருடைய நற்பண்புகளை அங்கீகரித்தார். அப்புறம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மௌனம். 1837-இல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரி மார்ட்டினையும் மசியாஸையும் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். இரண்டு ஆண்டுகளில், 1839-இல், அதே திருத்தந்தை அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது தெரிகிறது. பெரு 1821-லேயே ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றுவிட்டது. அடிமைமுறையை ஒழித்ததோ 1854-இல், ரமோன் காஸ்தீயாவின் ஆட்சியில். பலிபீடத்தில் கறுப்பின அருளாளர், பண்ணையில் கறுப்பின அடிமைகள் என்று பதினேழு ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

கடைசிப் படிக்குத் தேவைப்பட்ட அற்புதங்கள் இருபதாம் நூற்றாண்டில் ஏற்கப்பட்டன. பராகுவேயில் ஒரு மூதாட்டி குடலடைப்பிலிருந்து பிழைத்தது, கேனரித் தீவுகளின் டெனெரிஃபில் கல் விழுந்து நசுங்கிய ஒரு சிறுவனின் கால் அழுகத் தொடங்கியும் வெட்டாமலே குணமானது. இரண்டுமே நோயாளிகள் விவகாரம். நாவித வைத்தியருக்குப் பொருத்தம்தான்.

1962 மே 6 அன்று திருத்தந்தை 23-ஆம் யோவான் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்க ஐந்து மாதங்கள் இருந்தன. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்தன, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய மறையுரையில் திருத்தந்தை, அடிமைகளுக்குச் சமமாக நடத்தப்பட்ட பண்ணைத் தொழிலாளர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் முலாட்டோக்களுக்கும் மார்ட்டின் செய்த உதவியைக் குறிப்பிட்டுச் சொல்லி, மக்கள் அவருக்கு வைத்த பெயரை நினைவூட்டினார்: ‘அன்பின் மார்ட்டின்’. தாழ்ச்சியும் அந்த மறையுரையில் உண்டு. ஆனால் மக்கள் தேர்ந்த பெயரில் தாழ்ச்சி இல்லை, அன்புதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவரை உரிமை கொண்டாடாதவர்கள் குறைவு. கலப்பினத்தவர், முடிதிருத்துநர், பொதுச் சுகாதாரப் பணியாளர், சமூக நீதிக்காகப் போராடுபவர் எல்லோரும் தங்கள் பாதுகாவலர் என்கிறார்கள். நவம்பர் 3 அவர் திருநாள். லீமாவின் சாந்தோ தொமிங்கோ மடத்து ஆலயத்தில் ரோசா, மார்ட்டின், மசியாஸ் மூவரின் புனிதப் பண்டங்களும் இன்று ஒரே பீடத்தில் இருக்கின்றன. அங்கே யார் குரு, யார் சகோதரர், யார் தொனாதோ என்று எந்த வரிசையும் இல்லை. முதலில் யாரிடம் போவது என்பதை வருகிற மக்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.